குளிரை விற்கும் நகரங்களும் எங்கள் மாரியும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடை எழும்பியதும் உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் வெறிச்சோடிவிடும். அதே மாதங்களில் பனியும் இருட்டும் மூடிக் கிடக்கும் சில வெளிநாட்டு நகரங்களில் அறை எடுப்பதே பெரும்பாடு. அந்த நகரங்கள் தங்களை எப்படி விற்கின்றன என்று விடுதிக்காரர், ஓட்டோக்காரர், வழிகாட்டிகள், கடைக்காரர் மத்தியில் கதைக்கத் தொடங்கியதிலிருந்து திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். குளிர் நகரக் கதை வேண்டாம், எங்கள் ஊருக்கு வா என்பவர்கள் நேரே "மாரியில விக்க என்ன இருக்கு" என்ற கேள்விக்குப் போகலாம். ஆனால் அங்கே சொல்லியிருப்பதற்குக் காரணம் முன்னால் உள்ள பதில்களில்தான் இருக்கிறது.

குளிர் நகரம் எண்டா எது? எங்கட நுவரெலியாவும் அதுக்குள்ள வருமோ?

வருடத்தில் சில மாதமாவது பனி மூடிக் கிடக்கிற, ஆனாலும் கடை, பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் வழமைபோல ஓடுகிற நகரங்களைத்தான் சொல்கிறேன். ஜப்பானில் சப்போரோ, சீனாவில் ஹார்பின், கனடாவில் எட்மன்ரன், வினிபெக், கியூபெக், ஒட்டாவா, பின்லாந்தில் ரொவானியெமி, ஊலு, நோர்வேயில் ட்ரொம்சோ. இப்படியான நகரங்கள் சிலவற்றின் மேயர்கள் 1982இல் சப்போரோவில் கூடி, குளிரோடு வாழ்வது எப்படி என்று ஒருவரிடம் ஒருவர் கேட்டுப் படிக்கத் தொடங்கினார்கள்.

நுவரெலியா இந்தக் கணக்கில் வராது. 1,868 மீற்றர் உயரம், எப்போதாவது விடியப்புறம் புல்லில் உறைபனி, அவ்வளவுதான். ஆனால் அதன் வியாபாரம் இதே வியாபாரம். கொழும்பும் கண்டியும் வேகிற ஏப்ரலில் மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று சீசன் வைக்கிறது. மற்றவர்களிடம் எது இல்லையோ அதை, அது இல்லாத நேரம் பார்த்து விற்கிறது.

குளிருக்குப் பயந்துதானே வெள்ளைக்காரர் எங்களிட்ட வாறவை. அங்க ஆர் காசு குடுத்துப் போறது?

பனியையே காணாதவர்கள் போகிறார்கள். தாய்லாந்து, சிங்கப்பூர், தாய்வான், தென்சீனத்துக் குடும்பங்கள் சப்போரோவுக்கும் ஹார்பினுக்கும் போவது வாழ்க்கையில் ஒருதரமாவது பனியைக் கையில் எடுக்க. குளிர் நாட்டுக்காரரும் இன்னொரு குளிர் நாட்டுக்குப் போகிறார்கள். இங்கிலாந்தில் குளிர் உண்டு, வட ஒளி (துருவப் பக்கத்து இரவு வானில் ஆடுகிற நிற ஒளி) வானம் முழுக்க ஆடுவது அபூர்வம். அதற்காக ட்ரொம்சோ போகிறார்கள்.

பலர் விட்டுவிடுகிற மூன்றாவது கூட்டம் அந்தந்த ஊர்ச் சனமும் பக்கத்து ஊர்ச் சனமும்தான். வெளியாள் வராத வருடத்திலும் திருவிழாவைத் தூக்கி நிறுத்துவது அவர்கள்.

இதெல்லாம் அரசாங்கம் கோடிக்கணக்கில கொட்டித் தொடங்கினதா, அண்ணை?

இல்லை. சப்போரோ பனித் திருவிழாவைத் தொடங்கியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 1950இல், போர் முடிந்து எல்லாம் தட்டுப்பாடாக இருந்த காலம், வீதியில் வாரிய பனியைக் கொட்டுகிற ஓடோரிப் பூங்காவில் 6 சிலைகள் செய்தார்கள். சனம் பார்க்கத் திரண்டது. 1955இல் படையினர் சேர்ந்து பெரிய சிலைகள் செய்தார்கள். 1972இல் குளிர்கால ஒலிம்பிக் அங்கே நடந்தபிறகுதான் வெளிநாட்டுக்காரர் கண்ணில் பட்டது. இன்று பத்து இலட்சக் கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். இடையில் இருபது வருடத்துக்கு மேல் ஊர்ச்சனம் தங்களுக்காகவே அதை நடத்தியது.

ஹார்பினின் பனி விளக்குக்கு மூலம் மீனவர்கள். வாளித் தண்ணீரை உறையவைத்து, நடுவைக் குடைந்து, உள்ளே திரி ஏற்றினால் காற்றுக்கு அணையாத விளக்கு. அதை 1963இல் பூங்காவில் கண்காட்சியாக்கினார்கள். கலாசாரப் புரட்சியில் நின்று, 1985இலிருந்து வருடாவருடம் நடக்கிறது. இப்போது எழுப்பும் மாளிகைகளுக்கும் பனிக்கட்டி சோங்குவா ஆற்றிலிருந்து அறுத்து எடுப்பதுதான். கியூபெக்கின் குளிர்காலக் களியாட்டம் 1894இல் தொடங்கி, நின்று நின்று நடந்து, உள்ளூர் வியாபாரிகள் கைகொடுத்தபிறகு 1955இலிருந்துதான் நிலையாக நடக்கிறது. மூன்றிலும் காசு பின்னால் வந்தது.

மைனஸ் 20இல திருவிழா வைச்சா சனம் விறைச்சுப் போகாதோ?

ஒதுங்க இடமில்லாவிட்டால் விறைக்கத்தான் செய்யும். எட்மன்ரன் 2012இல் குளிர்காலத்துக்கென்று தனியாக ஒரு நகரத் திட்டம் போட்டது. அதில் எனக்குப் பிடித்தது அதன் சிறு சிறு வேலைகள். குளிரைக் குறைக்க முடியாது, காற்றை மறிக்கலாம். இருக்கைகளை மதிய வெயில் விழுகிற பக்கம் திருப்பலாம். நாலு மணிக்கே இருட்டுகிற ஊரில் விளக்கை வடிவாகப் போடலாம், சுவருக்கு நிறம் அடிக்கலாம். தேத்தண்ணிக் கடை வெளிவாங்கில் ஒரு போர்வை வைக்கலாம். வினிபெக்கில் உறைந்த ஆற்றின்மேல் சறுக்கிப் போகிறவர்கள் ஒதுங்குவதற்கென்று சிறு குடில்கள் வைக்கிறார்கள். அவற்றை வடிவமைக்க வருடாவருடம் போட்டி நடக்கும், உலகெங்குமிருந்து கட்டடக் கலைஞர்கள் கலந்துகொள்வார்கள். குளிர்காய வைத்த குடிலே பார்க்கப் போகிற பொருளாகிவிட்டது.

இதை நம் ஊருக்குத் திருப்பிப் பாருங்கள். மழை பெய்வது பிரச்சினையே இல்லை. பஸ் நிலையத்தில் இறங்கியவன் கடற்கரை வரை போவதற்குள் ஒதுங்க ஒரு கூரை இருக்கிறதா? வழியில் எத்தனை இடத்தில் கணுக்கால் வரை தண்ணீர்?

நிலத்துக்குக் கீழ கடைத்தெரு, கட்டடத்துக்குக் கட்டடம் கண்ணாடிப் பாலம் எண்டு படத்தில கண்டன். அதுதானே நல்ல வழி?

அரைவாசி நல்ல வழி. அமெரிக்காவின் மினியாப்பொலிஸில் 1962இல் முதல் பாலம் வந்தது. இப்போது 15 கிலோமீற்றர் அளவுக்குக் கட்டடங்களுக்கு இடையே குளிர் அங்கி இல்லாமல் வெறும் சட்டையோடு நடக்கலாம். மொன்றியலில் நிலத்தடி வழிகள் 30 கிலோமீற்றருக்கு மேல். சப்போரோ 2011இல் புகையிரத நிலையத்தையும் ஓடோரியையும் நிலத்தடிப் பாதையால் இணைத்தது.

ஆனால் எல்லோரும் மேலேயோ கீழேயோ போனால் வீதி செத்துவிடும் என்ற விமர்சனம் மினியாப்பொலிஸில் வெகுகாலமாக இருக்கிறது. வீதிக் கடைக்காரனுக்கு வியாபாரம் இல்லை, வந்தவனுக்கு ஊரே தெரியாது. சப்போரோ பாதையைக் கீழே வைத்துக்கொண்டே திருவிழாவை மேலே வைத்தது. அது கெட்டித்தனம்.

நல்ல சுலோகமும் லோகோவும் அடிச்சாக் காணாதோ?

காணாது. மேலே சொன்ன ஊர்களில் ஒன்றுகூட அங்கிருந்து தொடங்கவில்லை.

வட ஒளி காட்டுறம் எண்டு கூட்டிக்கொண்டு போவினம். தெரியேல்லயெண்டா காசு திருப்பிக் குடுப்பினமோ?

ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலர் இன்னொரு இரவு இலவசமாகக் கூட்டிப்போவார்கள், பலர் கொடுக்க மாட்டார்கள். கவனிக்கவேண்டியது விற்கும் விதம். ட்ரொம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழும்புவதே இல்லை. நல்ல வழிகாட்டிகள் விற்பது "தேடிப் போகிற இரவு": முகில் இல்லாத இடம் தேடி ஓட்டம், நெருப்பு, சூடான சூப், கதை. ஒளி வந்தால் அதிர்ஷ்டம். இங்கே திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகிற வள்ளக்காரர் சிலர் "கட்டாயம் காட்டுவன்" என்று சொல்லிவிட்டு, வராத அன்றைக்குச் சண்டையில் நிற்கிறார்கள்.

சொன்னது கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஹார்பினைப் பாருங்கள். 2023 டிசம்பரில் பனி மாளிகைகள் நிற்கிற "பனி உலகம்" பூங்கா திறந்த அன்றே வரிசை நகராமல் சனம் காசைத் திருப்பித் தா என்று கூச்சல் போட்டது. வீடியோ நாடெங்கும் பரவியது. அவர்கள் மன்னிப்புக் கேட்டு, காசைக் கொடுத்து, ஒழுங்கை மாற்றினார்கள். நகர நிர்வாகமும் முழுமூச்சாக இறங்கியது. சில நாளில் அந்த ஊரைப் பார்க்கக் கூட்டம் இன்னும் பெருகியது.

கிறிஸ்மஸ் தாத்தாவின்ட சொந்த ஊர் எண்டு ஒரு நகரம் சொல்லுதாம். இது ஏமாத்து இல்லையோ?

ரொவானியெமியைச் சொல்கிறீர்கள். 1944இல் பின்வாங்கிய ஜேர்மன் படை அந்த நகரத்தைக் கொளுத்திவிட்டுப் போனது. கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ போட்ட வரைபடத்தில் அதைத் திரும்பக் கட்டினார்கள். 1950இல் அமெரிக்காவின் எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையார் வருகிறார் என்று துருவ வட்டக் கோட்டுக்கருகே அவசரமாக ஒரு மரக்குடில் எழுப்பினார்கள். அந்தக் குடிலைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1985இல் அங்கே தாத்தாவின் கிராமம் திறந்தது. சாம்பலிலிருந்து எழுந்த ஊர் ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு நாற்பது வருடமாக அதை ஒழுங்காக நடத்துகிறது. வருபவனுக்கும் அது கதை என்று தெரியும். ஏமாத்து என்று நான் சொல்ல மாட்டேன்.

எங்களுக்குக் கதை இட்டுக்கட்டத் தேவையில்லை. கோணேசர் கோயில் நிற்கிற சாமிமலைப் பாறையில் இராவணன் வெட்டும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் கோணேசரைப் பாடிய சம்பந்தரின் பதிகமும் இருக்கின்றன. ஆனால் இவை வழிபாட்டோடும் ஈமக்கடனோடும் கட்டுப்பட்டவை. சனம் பிதிர்க்கடன் செய்கிற இடத்தில் பொம்மை உடுப்போடு ஆளை நிறுத்த முடியாது. எதைச் சொல்லிக் கூப்பிடலாம், எதைச் சும்மா விடவேண்டும் என்பதை அந்தந்த இடத்துச் சனம்தான் முடிவெடுக்கவேணும்.

சுற்றுலா சரி. குளிரைப் பார்த்து எந்தக் கொம்பனி வரும்?

குளிரே மூலப்பொருளாகத் தேவைப்படுகிற கொம்பனி வரும். சுவீடனின் லூலியோவில் பேஸ்புக் தன் முதல் ஐரோப்பியத் தரவு மையத்தை 2013இல் திறந்தது. ஆயிரக்கணக்கான கணினிகள் கக்குகிற சூட்டை ஆற்ற வெளிக்காற்றே போதும், பக்கத்திலேயே லூலே ஆற்று நீர்மின்சாரம், தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உண்டு. பின்லாந்தின் ஹமினாவில் மூடிப்போன காகித ஆலையை 2009இல் கூகுள் வாங்கி, ஆலைக்குக் கடல்நீர் கொண்டுவந்த பழைய சுரங்கத்தையே கணினி குளிர்விக்கப் பயன்படுத்துகிறது. சுவீடனின் ஆர்யெப்லூக் என்ற குட்டி ஊருக்கு ஜேர்மன் கார்க் கொம்பனிகள் குளிர்காலம் தோறும் வருகின்றன. உறைந்த ஏரியின்மேல் பிரேக் பிடித்துப் பார்க்க வேறெங்கே போவார்கள்?

ஆனால் குளிர் மட்டும் போதாது. மலிந்த மின்சாரம், படித்த ஆட்கள், பேசிய நாளில் கையெழுத்து வைக்கிற நிர்வாகம் இல்லாத எத்தனையோ குளிர் ஊர்களுக்கு யாரும் போவதில்லை. தரவு மையம் நிறையப் பேருக்கு வேலை கொடுக்கும் என்றும் நினைக்கக்கூடாது. கட்டும்போது கூட்டம், கட்டி முடிந்தால் கொஞ்சப் பேர்தான். எங்கள் துறைமுகத்துக்கும் இதே கணக்கு. ஆழமான இயற்கைத் துறைமுகம் என்று படித்துப் படித்து வளர்ந்தோம். மாவு ஆலையும் சீமெந்து ஆலையும் வந்தது கப்பல் நேரே வந்து கட்டலாம் என்பதால்தான். பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் பெரும்பகுதி எத்தனை காலம் பற்றைக்குள் கிடந்தன என்பதும் இதே துறைமுகத்தின் கதைதான். இயற்கை கொடுத்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தால் கொம்பனி வராது.

அப்பிடியான இடத்தில போய் ஆர் குடியிருக்கிறது? வேலைக்கு ஆள் கிடைக்குமோ?

இதற்கு வெளியே ஆளைத் தேடவேண்டாம். 1980கள் முதல் நோர்வேயின் வடகோடி ஃபின்மார்க் பகுதி மீன் ஆலைகளில் நின்று உழைத்தவர்களில் எங்கள் தமிழர் கணிசம். பலர் பின்னர் தெற்கே ஒஸ்லோ பக்கம் இறங்கிவிட்டார்கள். ஆள் வருவான், அவனை நிறுத்தி வைப்பதுதான் கஷ்டம் என்பதற்கு அவர்களே சாட்சி.

நிறுத்தி வைக்கத் தெரிந்த ஊர் என்றால் ஊலு. குளிர்காலத்திலும் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஏனென்றால் சைக்கிள் பாதையில் பனியை விடிய முதலே வாரிவிடுகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் ஓட்டம் பற்றிய முதல் உலக மாநாடு 2013இல் அங்கே நடந்தது. விளம்பரத்துக்காகப் பாதை போடவில்லை, பாதை நன்றாக இருந்ததால் விளம்பரம் தானாக வந்தது. இருப்பவனுக்கு வசதியில்லாத ஊரை வருபவனுக்கு விற்க முடியாது.

எல்லாம் சரி, தம்பி. திருகோணமலையில மாரியில விக்க என்ன இருக்கு?

முதலில் "ஓஃப் சீசன்" என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதை விடுவோம். ஒக்ரோபர் கடைசி முதல் டிசம்பர் வரை கடும் மழை, கொந்தளிக்கும் கடல். ஜனவரியில் மழை விட்டு விட்டு. பெப்ரவரியில் பெரும்பாலும் நல்ல வெயில், காற்று இதம், கடல் மட்டும் இன்னும் முழுதாக அடங்கியிராது. மார்ச்சில் கடலும் இறங்கிவிடும். இவை எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டு, நல்ல பெப்ரவரியையும் நவம்பரோடு சேர்த்துப் பூட்டி வைக்கிறோம்.

பெப்ரவரிக்கு ஆள் எங்கே? நாட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரைதான் தென்மேற்குக் கரைக்குச் சீசன். அப்படி வருகிற வெளிநாட்டவர் பலர் சிகிரியா, பொலன்னறுவை பார்க்க ஹபரணை வரை வந்துவிடுகிறார்கள். அங்கிருந்து இங்கே இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட ஓட்டம். அவர்கள் திரும்பிக் கண்டிக்குப் போகிறார்கள், காரணம் கிழக்கு மூடிக்கிடக்கிறது என்று வழிகாட்டிப் புத்தகமும் சாரதியும் சொல்லுகிறார்கள். ஹபரணைச் சாரதிகளையும் விடுதி வரவேற்பு மேசைகளையும் சந்தித்து உண்மை நிலையைச் சொல்வது, வெளிநாட்டுக் கண்காட்சியில் கடை போடுவதை விடப் பலன் தரும் என்பது என் எண்ணம்.

மழை மாதங்களில் விற்க வேறு சரக்கு வேண்டும். மாரியில் கந்தளாய், தம்பலகாமம், மூதூர் வயல்கள் பெரும்போகப் பச்சையில் இருக்கும். கோடையில் வந்தவன் கண்டது காய்ந்த தரை, இது வேறு நாடு. குளங்களிலும் களப்புகளிலும் வலசைப் பறவைகள் வந்து நிற்கும். சாமிமலையில் நின்று பார்த்தால் கீழே கோடையில் கண்ணாடியாய்க் கிடந்த கடல் பாறையில் அறைந்து மேலே எழும். கன்னியா வெந்நீரில் கொதிக்கிற ஏப்ரலில் குளிப்பதில் என்ன இருக்கிறது? மழை தூறும் டிசம்பர்க் காலையில் வாளியால் அள்ளி ஊற்றிப் பாருங்கள். மார்கழியில் திருவெம்பாவை, விடியப்புறச் சேமக்கலம், பிறகு தைப்பொங்கல், மாசியில் சிவராத்திரி, அதையடுத்து கோணேசர் நகர்வலம். எல்லாம் நாங்கள் எப்படியும் செய்கிறவை, யாருக்காகவும் புதிதாகச் சோடிக்கத் தேவையில்லை.

சாப்பாட்டை மறந்துவிட்டால் பெரிய பிழை. இடி இடித்து மழை கொட்டுகிற பின்னேரம், திண்ணையில் இஞ்சி போட்ட பிளேன்ரீயும் சுடச்சுட வடையும், இரவுக்கு நண்டுக் குழம்பும் பிட்டும், காலையில் எருமைத் தயிரும். கொழும்பில் மாடிவீட்டில் இருக்கிற குடும்பம் டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு இதற்காகவே வரும். சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

மாரியில கடல் ஆபத்து. புயல் வாற மாதத்தில ஆக்களை வரச் சொல்லுறது பாவம் இல்லையோ?

மிகச் சரியான கேள்வி. 1964 டிசம்பர்ப் புயல் திருகோணமலையைச் சூறையாடிவிட்டுத்தான் தனுஷ்கோடிக்குப் போனது. 2020 டிசம்பர் 2இல் புரவி எங்கள் வடக்குக் கரையில்தான் ஏறியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா நாட்டையே வெள்ளத்தில் ஆழ்த்தியது. இதை மறைத்து ஒரு வரி எழுதினாலும் அது துரோகம்.

ஒட்டாவாவில் உறைந்த ரிடோ கால்வாயில் 7.8 கிலோமீற்றர் சறுக்குப் பாதை திறப்பார்கள். பனிக்கட்டி குறைந்தது 30 சென்ரிமீற்றர் தடிப்பில் உறுதியாக இருந்தால்தான் திறப்பு. பச்சைக் கொடி என்றால் இறங்கலாம், சிவப்பென்றால் இல்லை. சுற்றுலாக்காரன் அழுதாலும் மாற்றம் கிடையாது. எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும்: கடல் இன்றைக்கு எப்படி, வள்ளம் போகுமா, எந்த வீதியில் வெள்ளம் என்று ஒவ்வொரு காலையும் ஒரே இடத்திலிருந்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிவித்தல். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்குப் போக முடியாத நாளில் போக முடியாது என்று முதல் ஆளாகச் சொல்வது விடுதிக்காரனாக இருக்கவேணும். சிவப்பு எச்சரிக்கை வந்தால் முற்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று முன்கூட்டியே எழுதிவைத்தால் அதுவே நல்ல விளம்பரம்.

விலையை அரைவாசியாக்கினா சனம் வராதோ?

வரும், கோடையில் வந்தவர்களும் இனி அந்த விலையைத்தான் கேட்பார்கள். சுவீடனின் யுக்காஸ்யார்வி ஊரில் 1989–90 குளிர்காலம் முதல் பனிக்கட்டி விடுதி கட்டுகிறார்கள். தோர்னே ஆற்றுப் பனிக்கட்டி, வசந்தத்தில் உருகி ஆற்றுக்கே போய்விடும். மைனஸ் 5 பாகை அறையில் மான்தோலில் படுக்கச் சாதாரண அறையைவிடக் கூடுதலாக வாங்குகிறார்கள். அந்தக் காலத்தில் மட்டும் கிடைக்கிற பொருளுக்கு விலை குறைக்கத் தேவையில்லை. மற்றக் காலத்துப் பொருளைப் பிழையான காலத்தில் விற்றால்தான் குறைக்கவேண்டிவரும். "கடற்கரை அறை, அரைவிலை" என்று நவம்பரில் போடுவது அதுதான்.

எனக்கு நாலு றூம்தான் இருக்கு, அண்ணா. நான் தனிய என்ன செய்ய?

செருப்புக் கழற்றுகிற இடத்துக்கு மேல் கூரை போடுங்கள். நல்ல பெரிய குடை அறைக்கு இரண்டு வையுங்கள், விளம்பரக் குடை அல்ல. உடுப்புக் காயப்போட மழை படாத கொடி, காற்றாடி வசதியோடு. கறன்ட் போனால் என்ன ஏற்பாடு என்பதை அறையிலேயே எழுதி ஒட்டுங்கள். உங்கள் இணையப் பக்கத்தில் கோடைப் படத்தோடு டிசம்பர்ப் படமும் இருக்கட்டும். கறுத்த வானமும் பச்சை வயலும் மழைத் திண்ணையும். நீலக்கடல் படத்தைப் பார்த்து டிசம்பரில் வந்தவன் எழுதுகிற ஒரு நட்சத்திர விமர்சனம் வருடம் முழுக்க உங்களைத் துரத்தும்.

பிறகு பக்கத்து விடுதியோடு கதையுங்கள். எல்லோரும் மூடினால் தெருவே இருட்டு, திறந்திருக்கிற ஒருவரிடமும் ஆள் தங்காது. ஒரு தெருவில் இரண்டு விடுதி, ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு ஓட்டோ முறைவைத்துத் திறந்திருந்தாலே அந்தத் தெரு உயிரோடு இருக்கும்.

உலகம் சூடாகுது எண்டினம். குளிரே இல்லாமப் போனா அந்த ஊர்கள் என்ன விக்கும்?

அந்தப் பயம் அங்கே வந்துவிட்டது. மேலே சொன்ன ரிடோ கால்வாய் 2022–23 குளிர்காலத்தில் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை, அதன் வரலாற்றிலேயே முதல்தடவை. பனியை மட்டும் நம்பிய ஊருக்கு அது இடி. விளக்கு, இசை, சாப்பாடு, கூடுகிற இடம் என்று பிரித்து வைத்திருந்த ஊர் சமாளிக்கும். எங்கள் மழையும் இனிக் கணக்குப்படி வராது: தைப்பொங்கலுக்குக் கொட்டும், கார்த்திகை காயும். ஒரு பெரிய திருவிழாவுக்குத் திகதி குறித்து முழுக்காசையும் அதில் போடுவதைவிட, சிறிது சிறிதாகப் பல நாளில் வைப்பது புத்தி.

சுற்றுலா கூடினா எங்கட கரையை எடுத்துப் போடுவாங்கள். கடற்தொழிலாளிக்கு இதில என்ன?

வீடுகள் சுற்றுலா அறைகளாக மாறி வாடகை ஏறிப்போனது என்று ரெய்க்யவிக்கில் சனம் கொதித்தது. ஐஸ்லாந்து சட்டம் போட்டு, சொந்த வீட்டை வருடத்தில் 90 நாளுக்கு மேல் அப்படி வாடகைக்கு விட அனுமதி எடுக்கவேண்டும் என்றது. ரொவானியெமியிலும் அடுக்குமாடிக் குடியிருப்பாளர் இதே முறைப்பாடு வைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் பயம் வீண்பயம் அல்ல. கரைவலை இழுக்கிற இடம், வள்ளம் ஏற்றுகிற இடம், வலை காயவைக்கிற இடம் எவை என்பதை விடுதிகள் பெருக முன்னரே வரைபடத்தில் குறித்து, உள்ளூராட்சி சபையிலும் பிரதேச செயலகத்திலும் பதிந்து வைக்கவேண்டும். பிறகு கேட்டால் வேலிதான் மிஞ்சும்.

வருமானம் என்று பார்த்தால் மாரிச் சுற்றுலாவில் கடற்தொழிலாளிக்குக் கோடையைவிட இடம் உண்டு. கோடையில் உங்களுக்குத் தொழில் இருக்கிறது. தொழில் படுக்கிற மாதங்களில் களப்பில் பறவை பார்க்கத் தோணி வலிப்பது, வலை பின்னுவதைக் காட்டிக் கதை சொல்வது, வீட்டில் சமைத்த மீன்சாப்பாடு, இவற்றுக்குக் கை உங்களிடம்தான் இருக்கிறது. மழை தொடங்க முன்னர், செப்டம்பரிலேயே, சங்கமும் விடுதிக்காரரும் இருந்து பேசி, தோணிக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, தரகு எத்தனை வீதம் என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கி யார் வாங்குவது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.